முதல் கியரில் திருத்தணி

என் காரை ஸ்டார்ட் செய்தால் தெரு நாய்கள் எழுந்து வேறு இடம் பார்த்துப் படுத்துக்கொள்ளும். இதைப் பல வருடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மூன்று சிலிண்டர் வைத்த பழைய குட்டிக் கார். நின்ற இடத்திலேயே தடக், தடதட, தடக் என்று மழையில் நனைந்த ஆடு மாதிரி உதறும். என் மனைவி அதில் ஏறினால் கதவுக்கு மேலிருக்கும் பிடியைப் பிடித்துக்கொண்டுதான் உட்காருவாள். "கார்ல போற மாதிரியே இல்லய்யா. மாவு மில்லு மேல உக்காந்துக்கினு போற மாதிரி கீது" என்பாள்.

அந்த உதறல் வண்டியோடு வந்ததில்லை. செய்தவன் நல்லபடியாகத்தான் செய்து கொடுத்தான். கெடுத்தது நான்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், வண்டிகளுக்கான தண்டுகளைத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவரும் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. கிரைண்டிங் ஆபரேட்டர். பெண் பார்க்கப் போனபோது இதைச் சொன்னேன். மாமனார் ரொம்ப நாள் நான் ஏதோ இட்லி மாவுக் கம்பெனியில் இருக்கிறேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தார். நான் தேய்த்த தண்டைத் தொட்டால் கண்ணாடி மாதிரி வழுக்கும். அந்தத் திமிரில்தான், என் காரின் கேம்ஷாஃப்டைக் கழற்றிக்கொண்டு போய் மதியச் சாப்பாட்டு நேரத்தில் மெஷினில் ஏற்றினேன்.

கேம்ஷாஃப்ட் என்பது எஞ்சினின் தலைக்குள் சுற்றும் ஒரு முழத்துக்கும் குறைவான தண்டு. அதன்மேல் முட்டை வடிவத்தில் மேடுகள் இருக்கும். மேடு வந்தால் வால்வு திறக்கும், மேடு போனால் மூடும். எஞ்சின் எப்போது மூச்சை இழுக்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்று சொல்வது அந்த மேடுதான். மேட்டின் வடிவத்தை மாற்றி வால்வை இன்னும் கொஞ்ச நேரம் திறந்து வைத்தால் வண்டி வேகத்தில் பறக்கும் என்று மொபைலில் யாரோ வெளியூர்க்காரன் விளக்கியிருந்தான். பாஷை புரியவில்லை. படம் புரிந்தது. எனக்கு அது போதும். மெஷின் பார்த்துத் தேய்ப்பதற்கான அச்சுத் தகட்டை நானே அரத்தால் ராவினேன். பதினைந்து நாள் மதியச் சாப்பாடு போனது.

கம்பெனியிலிருந்து அதை வெளியே கொண்டுவந்த கதை தனி. கேட்டில் செக்யூரிட்டி பையைத் திறந்து பார்ப்பார். அது என் சொந்தக் கேம்தான். இருந்தாலும் யார் நம்புவார்கள்? ஒரு கட்டு முருங்கைக்காய் வாங்கி நடுவில் அதைச் சொருகி, வாழை நாரால் கட்டி, பையில் நீட்டிக்கொண்டு வந்தேன். செக்யூரிட்டி கட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னா சார், காய் ரொம்ப முத்தலா கீது, வெயிட்டா கீது" என்றார். "ஆமாண்ணே, விதைக்கு" என்றேன். அந்த முருங்கைக்காய் சாம்பாரில் கிரைண்டிங் ஆயில் வாசனை அடித்தது என்று என் மனைவி இன்றைக்கும் சத்தியம் செய்வாள்.

பூட்டிப் பார்த்தால், வண்டி எண்பதுக்கு மேல் போனதும் அலறிக்கொண்டு பாய்ந்தது. உண்மை. ஆனால் கவரைப்பேட்டையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குக் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் எண்பதில் போக எங்கே இடம்? மெதுவாகப் போனாலோ வண்டிக்கு உயிரே இல்லை. இழுத்த காற்று உள்ளே நிற்காமல், மூடாத வால்வு வழியாகத் திரும்பி வெளியே போய்விடும். ஒரு வேகத்தடையில் ஏறுவதற்குக் கூட ஆக்ஸிலேட்டரை மிதித்து, கிளட்சைப் பாதியில் பிடித்து, சர்க்கஸ் காட்ட வேண்டும். பழையபடி மாற்றிவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. தேய்த்த இரும்பு தேய்த்ததுதான். கழித்ததைக் கூட்டுவதற்கு எங்கள் கம்பெனியில் மெஷின் கிடையாது.

"மாப்ள, வண்டிக்கு குளிர் ஜொரம்டா. ஊசி போட்டு இட்டுக்கினு வா" என்று முதல் நாளே சொன்னவன் என் மச்சான்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். அதற்கு முன்பே என் கூட்டாளி. அவன் தங்கையைக் கட்டியதும் மரியாதையாக "வாங்க போங்க" என்று இரண்டு பேரும் ஒரு வாரம் முயற்சி செய்து பார்த்தோம். எட்டாவது நாள் அவனே, "தோ பார்றா, நீங்கன்னா யாரோ பேங்கு ஆபீசரு மாதிரி கீது" என்று கைவிட்டான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "உன்னப் பாத்துட்டேன் இல்ல, போதும்" என்பான். கவரைப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் அப்பாவோடு இருந்தான். மாமனாருக்கு இரண்டு முட்டியும் போய்விட்டது. வீட்டுக்குள்ளேயே சுவரைப் பிடித்துத்தான் நடப்பார்.

மச்சானுக்கு இரும்பு உருக்கும் ஒரு மில்லில் வேலை. பழைய இரும்பைக் கொட்டி உருக்கும் உலைக்கு உள்பக்கம் வெள்ளை மண்ணை இடித்து இடித்துப் பூச வேண்டும். கொஞ்ச நாளில் அது வெந்து தேய்ந்துவிடும், உடைத்து எடுத்துவிட்டு மறுபடி பூச வேண்டும். மூக்கில் ஒரு துண்டு கட்டிக்கொண்டு பதினெட்டு வருடம் அந்த மண்ணுக்குள் இருந்தான். வேலை முடிந்து வெளியே வந்தால் புருவம் வரைக்கும் வெளுத்திருப்பான். "என்ன மச்சான், பவுடர் போட்டுக்கினு யாரைப் பாக்கப் போற?" என்று நான் கேட்பேன். பதினெட்டு வருடமும் அதே ஜோக். அவனும் பதினெட்டு வருடமும் சிரித்தான்.

அந்த வேலைக்கு அவனை முதல் நாள் என் ஸ்கூட்டரில் கூட்டிக்கொண்டு போய் விட்டவன் நான். கான்ட்ராக்டரிடம் பேசி ஏற்பாடு செய்ததும் நான்.

மண் அவன் நெஞ்சுக்குள் போய்த் தங்கிவிட்டது என்று டாக்டர் எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். காட்டிய இடமெல்லாம் வெள்ளை. இனி அது வெளியே வராது, இருப்பதை வைத்துக்கொண்டு ஓட்ட வேண்டியதுதான் என்றார். அப்புறம் வீட்டுக்கு ஆக்ஸிஜன் மெஷின் வந்தது. ஒரு ஸ்டூல் உயரம், மூக்குக்கு ஒரு குழாய். கட்டிலிலிருந்து கக்கூஸ் வரைக்கும் குழாய் எட்டும். அவன் ஊர் அவ்வளவுக்குச் சுருங்கிவிட்டது. பேசினால் மூன்று வார்த்தைக்கு ஒரு முறை நிறுத்தி இழுப்பான். அப்போதும் வாய் அடங்கவில்லை. ஒரு நாள் நான் காரை வாசலில் உதறவிட்டு உள்ளே போனால், "உன் வண்டியும்... நானும்... ஒரே கேஸு மாப்ள. இழுக்கறது... உள்ள நிக்கல" என்றான்.

நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, வெளியே போய் எஞ்சினை அணைத்தேன்.

அவனுக்கு ஒரு வேண்டுதல் இருந்தது. என் மகள் பிறந்து மூன்றாம் மாதம் காய்ச்சலில் கிடந்தபோது, திருத்தணி முருகனிடம் இவன் வேண்டிக்கொண்டான். அப்பன் நான், நான் வேண்டவில்லை. நான் ஆஸ்பத்திரி கேண்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பிள்ளை பிழைத்தால் வருடா வருடம் அவள் பிறந்த நாளுக்கு உன் படியெல்லாம் ஏறி வருகிறேன் என்று சொல்லிவிட்டான். அவள் இப்போது சென்னையில் வேலைக்குப் போகிறாள். ஒரு வருடம் கூட அவன் தவறவில்லை. உலைக்களத்தில் கால் வெந்த வருடம் கூடக் கட்டோடு ஏறினான்.

இந்த வருடம் பிறந்த நாளுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது என்னைக் கூப்பிட்டான்.

"மாப்ள, மலைக்குப் போவணும்."

"கார் போற ரோடு கீது மச்சான். நான் ஓட்டினு போறேன், நீ ராஜா மாதிரி உக்காந்துக்கினு வா."

"நீ ஓட்டினா... அது உன் வேண்டுதல். நான் ஏறணும். நடந்து முடியல... சரி. ஓட்டிக்கினாவது... நான்தான் ஏறணும்."

என் மனைவி அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். "இன்னாண்ணா பேசற நீ? பாத்ரூம் போய்ட்டு வந்தாலே உனுக்கு மூச்சு வாங்குது."

"அடிவாரத்துலேந்து மேல வரிக்கும்தான். மூணு, நாலு கிலோமீட்டரு இருக்குமா? மத்த ரோடெல்லாம்... அந்த ஜோக்கர் ஓட்டட்டும்."

ஜோக்கர் நான்.

அவனுக்குக் கார் நன்றாக ஓட்டத் தெரியும். சந்தேகம் அதில் இல்லை. எங்கள் பக்கத்தில் மலை கிடையாது, ஏரிக்கரைதான் மலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சின்ன ஆக்ஸிஜன் சிலிண்டரை அவன் மடிக்குப் பக்கத்தில் வைத்து, ஏரிக்கரை ஏற்றத்தில் ஓட்டச் சொன்னேன். கிளட்சை விட்டான், வண்டி குலுங்கி நின்றது. மறுபடி ஸ்டார்ட் செய்தான். ஆக்ஸிலேட்டரை மிதி, கிளட்சைப் பிடி, விடு, பிடி என்று நான் என்னென்னவோ சொன்னேன். மூன்றாம் தடவையும் நின்றது. திரும்பிப் பார்த்தால் அவன் உதடு நாவல் பழம் தின்ற மாதிரி ஆகியிருந்தது. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். மூச்சு அடங்க ரொம்ப நேரம் ஆனது. எவனுக்கும் நிற்காமல் போகிற வண்டியைச் செய்தவன் எவனோ, அதை இவனுக்கு நிற்கிற வண்டியாகச் செய்தவன் நான்.

வேறு கார் வாடகைக்கு எடுக்கலாமே என்றாள் மனைவி. மூக்கில் குழாய் வைத்த ஆளிடம் எந்த ஓனர் சாவியைக் கொடுப்பான்? அதுவுமில்லாமல் மச்சானுக்குக் காலை அதிகம் அசைத்தாலே மூச்சு வாங்கும். கிளட்சை ஒரே முறை விட்டுவிட்டு, கட்டைவிரலால் ஆக்ஸிலேட்டரைத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும், வண்டி தானாக ஏற வேண்டும். அதற்கு எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போதே இழுவை இருக்க வேண்டும். அதாவது நான் தேய்த்து எறிந்த பழைய மேடு வேண்டும்.

அந்த மாடல் நின்று போய்ப் பல வருடம் ஆகிறது. கடைக்காரர்கள் பெயரைச் சொன்னதும் சிரித்தார்கள். நான் அலைந்து அலைந்து பேஜாராகி உட்கார்ந்திருந்தபோது மச்சான்தான் சொன்னான்.

"ஏன்டா... அந்த வண்டி எவ்ளோ... நான் உலையில போட்டுக்கீறேன் தெரியுமா? யார்டுல கேளு."

அவனே தன் பழைய மில்லில் ஸ்க்ராப் இரும்பு கொட்டிவைக்கும் யார்டில் இருந்த ஒரு ஆளுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான்.

"இன்னா தலைவா, உயிரோடதான் கீறியா?" என்றது போன்.

"பாதி. ஒரு சாமான் வேணும். மூணு சிலிண்டரு வண்டி... தலைக்குள்ள கேமு."

"அடப்பாவி, உருக்கறதுக்கு வர்றத ஊட்டுக்குக் கேக்கற. எப்போ வேணும்?"

"எனுக்கு முன்னாடி... அது உலைக்குப் போவக் கூடாது. அவ்ளோதான்."

போனில் யாரையோ கூப்பிட்டு, அந்த வண்டிகளைத் தனியாகப் போடச் சொல்லும் சத்தம் கேட்டது. பிறகு, "அனுப்பறேன் தலைவா" என்றது.

இரண்டு வாரத்தில் மூன்று கேம் வந்தது, முறையாக மில்லில் எடைபோட்டு, ரசீதோடு. நசுங்கிய கார்களின் எஞ்சின் தலையை உடைத்து எடுத்தவை. ஒன்று துருவில் குழி விழுந்திருந்தது. இன்னொன்றில் மேடு மழுங்கிப் போயிருந்தது. மூன்றாவதைப் பழைய எண்ணெய்க் கறை காப்பாற்றி வைத்திருந்தது. மண்ணெண்ணெயில் கழுவி மைக்ரோமீட்டரில் பிடித்துப் பார்த்தேன். ஒவ்வொரு மேடும் அளவில் நின்றது. இந்த முறை அதில் கை வைக்கவில்லை. நான் தேய்க்காமல் விட்ட ஒரே இரும்பு அதுதான்.

மச்சான் வீட்டுப் பக்கவாட்டு ஆஸ்பெஸ்டாஸ் சரிவுக்குக் கீழே, அவன் கட்டிலிலிருந்து ஜன்னல் வழியே பார்க்கிற மாதிரி வண்டியை நிறுத்திக் கழற்றினேன். மேல் மூடி, டைமிங் பெல்ட், பல்சக்கரம், ராக்கர் தண்டுகள் என்று வரிசையாகச் சாக்கில் பரப்பினேன். நான் தேய்த்த கேமை உருவி ஜன்னல் மேல் வைத்தேன். அதை எடுத்துப் புரட்டிப் பார்த்தான்.

"நல்லாத்தான்டா... தேச்சிக்கீற. பளபளன்னு. வேலைக்குத்தான்... ஆவல."

"என் மாதிரின்னு சொல்லு."

"நான் சொல்லல. நீயே... சொல்லிக்கின."

புதிய, அதாவது பழைய, கேமை எண்ணெய் பூசி உள்ளே தள்ளினேன். ராக்கர் இடைவெளியைத் தகடு வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். பல்சக்கரத்தின் புள்ளியும் மூடியில் இருக்கும் குறியும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். நின்றது. பெல்ட்டை மாட்டினேன். மாமனார் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரைக்கும் வந்து நின்றார். என் மனைவி கற்பூரம் கொளுத்தினாள். சாவியைத் திருப்பினேன்.

பட்! கார்புரேட்டர் வழியாக ஒரு வெடி. கற்பூரம் அணைந்து, மாமனார் உட்கார்ந்தே விட்டார். மறுபடி திருப்பினேன். பட், பட். தீபாவளிக்கு முன்னாலேயே தீபாவளி. அரைநாள் வயரைப் பார்த்தேன், பிளக்கைப் பார்த்தேன், பெட்ரோலை முகர்ந்தேன். பஞ்சாங்கம் மட்டும்தான் பார்க்கவில்லை. ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

"மாப்ள, கண்ணாடி... போட்டியா?"

"எதுக்கு? குறி நல்லாத் தெரியுது."

"போட்டுப் பார்றா."

ஒரு மயிரிழையைப் பத்தாகப் பிளப்பவன் என்று சொல்லித் திரிகிற நான், நாற்பத்தேழு வயதில் படிக்கிற கண்ணாடியை வெட்கத்தில் டிபன் பைக்குள் ஒளித்து வைத்திருந்தேன். போட்டுக்கொண்டு குனிந்தேன். குறி என்று நான் நேராக வைத்தது குறியே இல்லை. வார்ப்பில் விழுந்த ஒரு வடு. உண்மையான குறி ஒரு பல் தள்ளி நின்றது.

"கேமு மாத்தறதுக்கு முன்னாடி..." என்று ஆரம்பித்தவன் சிரிக்கப் போய் இருமலில் மாட்டிக்கொண்டான். இருமல் நிற்கவில்லை. என் மனைவி உள்ளே ஓடி அவன் முதுகைத் தடவினாள். நான் பெல்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் மீதியைக் கடைசி வரைக்கும் சொல்லவில்லை. சொல்லாமலே எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்த ஜோக்.

ஒரு பல் திருப்பி மாட்டியதும் வண்டி எழுந்தது. எழுந்தது என்றே யாருக்கும் தெரியவில்லை. அத்தனை வருடம் கழித்து அது முதல் தடவையாக உதறாமல் நின்றது. மாமனார் பானெட்டில் கை வைத்துப் பார்த்தார். அன்று மாலையே ஏரிக்கரை ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு முதல் கியரில் விட்டேன். எருமை மாதிரி, அவசரமே இல்லாமல், ஏறிக்கொண்டே போனது.

மகளின் பிறந்த நாள் அந்த வருடம் வேலை நாளில் வந்தது. அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. "மாமாவ பத்திரமா கூட்டினு போங்கப்பா" என்று போனில் சொன்னாள். பெரியபாளையம் வழியாகத் திருவள்ளூர் போய்ச் சேர்ந்தபோது காலை எட்டு மணி. கோர்ட்டுக்குப் போகிற வக்கீல்கள் சாப்பிடும் ஒரு ஓட்டலில் நாஷ்டா வாங்கிக் காரிலேயே கொடுத்தோம். ஒரு இட்லியில் பாதி சாப்பிட்டான். மீதியை என் தட்டில் வைத்து, "நீ நல்லா தின்னு. ஏத்தத்துல... தள்ள வேண்டி வரும்" என்றான்.

திருத்தணி அடிவாரத்தில் இடம் மாறினோம். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உட்கார்ந்தான். சிலிண்டரை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நிறுத்தினேன். என் கை ஹேண்ட்பிரேக் மேலேயே இருந்தது. என் மனைவி பின்னால் குழாய் சிக்காமல் பிடித்துக்கொண்டு, வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

கிளட்சை ஒரே முறை விட்டான்.

வண்டி கிளம்பியது. ஏற்றம் ஆரம்பித்த இடத்தில் எஞ்சினின் குரல் கொஞ்சம் தடித்தது, அவ்வளவுதான். ஏறியது. டூவீலர்கள் எங்களைத் தாண்டிப் போயின. மொட்டை போட்ட ஒரு பிள்ளை பைக்கில் அப்பா முதுகுக்குப் பின்னாலிருந்து எங்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது. பின்னால் வந்த வேன் ஒன்று ஹாரன் அடித்தது. மச்சான் கையை வெளியே நீட்டி, போ போ என்றான்.

"மாப்ள, பாரு. கட்டவெரலு மட்டும்தான்."

குனிந்து பார்த்தேன். அவன் காலில் பழைய வெந்த தழும்பு. கட்டைவிரல் மட்டும் ஆக்ஸிலேட்டரைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"ரோட்டப் பாத்து ஓட்டுண்ணா" என்று பின்னாலிருந்து அதட்டினாள் தங்கை.

"நான் எங்க ஓட்டறேன். அதுதான்... ஓட்டுது."

கடைசி வளைவு வரைக்கும் ஒரு இடத்தில் கூட நிற்கவில்லை. மேலே கார் நிறுத்தும் இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை அவனே இழுத்தான். முகமெல்லாம் வியர்வை. ஆனால் உதடு கருக்கவில்லை. நான் இறங்கிச் சுற்றி வந்து அவன் பக்கக் கதவைத் திறந்தேன். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன்.

படிகள்.

கார் நிற்கிற இடத்திலிருந்து சன்னதிக்கு இன்னும் படி ஏற வேண்டும். எனக்குத் தெரியாததா? எத்தனை முறை வந்திருக்கிறேன். இரண்டு மாதம் வால்வு எத்தனை நூலிழை திறக்க வேண்டும் என்று அளந்தவன், பெல்ட்டின் பல்லை எண்ணியவன், இந்தப் படியை எண்ணவில்லை. அவனும் எண்ணவில்லை. அவன் தங்கையும் எண்ணவில்லை. மூன்று பேரும் எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

எதிரே பூ விற்றுக்கொண்டிருந்த ஆள் எங்களைப் பார்த்துவிட்டு வந்தார். "சேர் எடுத்தாரேன் சார், ரெண்டு பேரு சேந்து தூக்கிக்கினு போய்டலாம், இன்னா இப்போ."

மச்சான் கையெடுத்துக் கும்பிட்டான். "வேணாண்ணே. என்னத் தூக்கறதுக்கு... இன்னும் நாள் கீது. அப்போ... நாலு பேரா வாங்க."

பூக்காரருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு தேங்காய்ப் பழத் தட்டை எடுத்துக்கொண்டு படியேறிப் போனாள்.

நாங்கள் இரண்டு பேரும் காரில் உட்கார்ந்திருந்தோம். எஞ்சினை அணைக்க நான் சாவிக்குக் கை நீட்டினேன்.

"அணைக்காதடா. ஓடட்டும்... அவருக்குக் கேக்கட்டும்."

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. சிலிண்டரிலிருந்து குழாயில் காற்று வரும் சின்னச் சத்தம் அதைவிடப் பெரிதாகக் கேட்டது. எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை. என் வாழ்க்கையில் அப்படி நடந்ததே கிடையாது. வேறு எதையும் சொல்லத் தெரியாமல், அந்த எக்ஸ்ரேவைப் பார்த்த நாளிலிருந்து சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன்.

"மச்சான், நான் உன்ன அந்த மில்லுல கொண்டுபோய் உட்ருக்கக் கூடாது."

அவன் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"நீ ஸ்கூட்டர்ல உட்ட... ஒரு நாளு. மீதி நாளெல்லாம்... நான்தானே போனேன்." மூச்சு இழுத்தான். "அதுவும் உன் ஸ்கூட்டரு... பாதி வழியில பஞ்சராயி... நான்தான் தள்ளினேன்."

சிரித்தேன். சிரிப்பு பாதியில் வேறு எதுவாகவோ மாறியது. அவன் பார்க்காத மாதிரி டேஷ்போர்டைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

என் மனைவி விபூதியோடு இறங்கி வந்தாள். அவன் நெற்றியில் பட்டையாகப் பூசினாள்.

"கணக்கு சரியாம்மா? ஏறினதா... எடுத்துக்குவாரா?" என்று கேட்டான். அதுவரை அவன் குரலில் நான் அந்தப் பயத்தைக் கேட்டதில்லை.

"கார் வர்ற எடம் வரிக்கும் நீ வந்துட்டே இல்ல? மிச்சத்த அவரு எறங்கி வந்துக்குவாரு. அவருக்கு இன்னா, காலா வலிக்குது?"

அவன் கண்ணை மூடிக்கொண்டான். இறங்கும்போது நான் ஓட்டினேன்.

அதற்கப்புறம் ஐந்து மாதம் இருந்தான். நான் முதல் ஷிஃப்டில் மெஷின் முன்னால் நின்றிருந்தபோது சூப்பர்வைசர் வந்து தோளைத் தொட்டார். மெஷினில் பாதி தேய்ந்த தண்டு இருந்தது. அதை முடித்துவிட்டுப் போகலாம் என்று ஒரு நொடி நினைத்தேன். ஏன் அப்படி நினைத்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

மறுநாள் பிற்பகல் எடுத்தார்கள். நாலு பேராக வாங்க என்று அவன் சொன்ன மாதிரியே நாலு பேர். நானும் ஒரு தோள் கொடுத்தேன். மில்லில் கூட வேலை செய்தவர்கள் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். யார்டு ஆளும் வந்திருந்தார். தெருமுனை வரைக்கும் போனதும் பின்னால் ஒரு சத்தம். மாமனார் சுவரை விட்டுவிட்டுத் தெருவில் நடக்கப் பார்த்து விழுந்திருந்தார். சுடுகாடு வரைக்கும் வந்தே தீருவேன் என்று மண்ணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். என் தோளை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு, காரை எடுத்து வந்து அவரை முன்னால் உட்கார வைத்தேன்.

மேளக்காரர்கள் நாலு அடி நடப்பார்கள், நின்று அடிப்பார்கள், மறுபடி நடப்பார்கள். ஊர்வலத்துக்கு அவசரம் ஏது. அதற்குப் பின்னால், உதிர்ந்த பூவின் மேல், முதல் கியரில் வந்துகொண்டிருந்தேன். அவர்கள் நின்றால் கிளட்சை மிதித்தேன், நடந்தால் விட்டேன். ஆக்ஸிலேட்டரைத் தொடவே இல்லை. பழைய கேமாக இருந்தால் இந்த வேகத்துக்கு உதறி உதறி, பத்தடிக்கு ஒரு முறை நின்று, மேளத்துக்கு மேல் தடதடத்து மானத்தை வாங்கியிருக்கும். இது ஒருவன் நடக்கிற வேகத்தில், ஒருவனைத் தூக்கிக்கொண்டு நடக்கிற வேகத்தில், போய்க்கொண்டே இருந்தது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தேன், அவ்வளவுதான்.

ஏரிக்கரை ஏற்றம் வந்தது. அப்பால்தான் சுடுகாடு. தூக்கியவர்கள் ஏறினார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டைவிரலை வைத்தேன்.

மாமனார் முன்னால் போகும் பாடையையே பார்த்துக்கொண்டிருந்தவர், திடீரென்று என் முழங்கையைப் பிடித்தார்.

"இன்னா நைனா, வண்டி நின்னுப்போச்சா? சத்தமே காணோம்."

"இல்ல மாமா. ஓடிக்கினுதான் கீது."